வலி நின்றது, எலும்பு ஆறியதா?

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாக அக்கரைப்பற்றில் நடைபெற்ற சுகாதாரக் கருத்தரங்கில், பல் வைத்தியத் துறையில் பணிபுரியும் பழைய மாணவியர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)

 

"பல்லைப் பற்றி ஏதாவது கதையுங்கள்" என்று செயற்குழு எங்களிடம் கேட்டது. காலையும் இரவும் பல் துலக்குங்கள் என்ற பாடத்தை மறுபடி நடத்த நாங்கள் விரும்பவில்லை. அதை இந்தப் பள்ளிக்கூடத்தின் காலைக் கூட்டங்களிலேயே எல்லோரும் கேட்டு முடித்துவிட்டோம். ஆகவே, பழைய மாணவியர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டோம். கட்டாரிலிருந்தும் சவூதியிலிருந்தும் லண்டனிலிருந்தும் தொலைபேசியில் வரும் கேள்வி இது. ஊருக்குள்ளிருந்து வருவதும் இதுதான். "ரூட் கனால் செய்து முடித்தேன். வலி நின்றுவிட்டது. இப்போது ஒன்றரை வருஷம் கழித்து அதே இடத்தில் முரசில் ஒரு கொப்புளம் வந்திருக்கிறது. செலவழித்ததெல்லாம் வீணா? பல்லைக் கழற்றிவிடலாமா?"

இதற்கு ஒரு சொல்லில் பதில் இல்லை. ஆனால் வேரைச் சுற்றியுள்ள எலும்பு எப்படிக் கெடுகிறது, எப்படி ஆறுகிறது, வேருக்குள் வைக்கும் அடைப்பு அதில் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், பதிலில் பாதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

முதலில் பல்லின் உள்ளே போவோம். வெளியே தெரியும் வெள்ளைப் பகுதிக்குள் ஒரு சின்ன அறை இருக்கிறது. அந்த அறையிலிருந்து ஒவ்வொரு வேருக்குள்ளும் மெல்லிய வாய்க்கால்கள் இறங்கி, வேர்நுனியில் தாடை எலும்புக்குள் திறக்கின்றன. அவற்றுக்குள் இரத்தக் குழாய்களும் நரம்பும் சேர்ந்த மென்மையான தசை இருக்கிறது. ஊரில் நாம் 'பல் நரம்பு' என்று சொல்வது இதைத்தான். சூத்தை ஆழமாகி அறையைத் தொட்டதும் கிருமிகள் உள்ளே நுழைகின்றன. அப்போதுதான் இரவில் தூக்கம் கெடுக்கும் வலி வருகிறது. சில நாட்களில் அந்தத் தசை செத்துப்போகிறது. வலியும் தானாக நின்றுவிடுகிறது. "கராம்பு வைத்தேன், சுகமாகிவிட்டது" என்று பலர் நினைப்பது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில் அங்கே வலியைச் சொல்ல நரம்பு உயிரோடு இல்லை, அவ்வளவுதான். செத்த தசையைத் தின்று கிருமிகள் பெருகுகின்றன. அவற்றின் நஞ்சு வேர்நுனி வழியாக எலும்புக்குள் கசிகிறது. அதை எதிர்க்க உடம்பு தன் படையை அங்கே அனுப்புகிறது. அந்தப் படைக்கு இடம் கொடுப்பதற்காக வேர்நுனியைச் சுற்றிய எலும்பு கரைகிறது. எக்ஸ்ரே படத்தில் வேரின் நுனியில் கறுப்பு வட்டமாகத் தெரிவது இந்த இடம்தான். எலும்பின் கனிமம் கணிசமாகக் கரைந்த பிறகே படத்தில் அது தெரியும். எனவே படத்தில் தெரியும்போது விஷயம் நேற்று இன்று தொடங்கியதாக இருக்காது.

இதெல்லாம் கிருமிகளின் வேலைதான் என்பதற்குத் தெளிவான சான்று 1965 ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து வந்தது. ககேஹாஷி, ஸ்ரான்லி, பிற்ஸ்ஜெரால்ட் என்ற மூவர் எலிகளின் பற்களில் துளை போட்டு உள்ளறையைத் திறந்துவிட்டார்கள். சாதாரண எலிகளில் உள்ளே இருந்த தசை செத்து, வேர்நுனியில் சீழ் கட்டியது. பிறந்ததிலிருந்து கிருமியே படாமல் வளர்க்கப்பட்ட எலிகளிலோ, அதே துளை, அதே உணவு அதற்குள் அடைந்திருந்தும், தசை பிழைத்துக்கொண்டது. துளையைப் புதிய பல்திசு மூடத் தொடங்கியது. காயம் இரண்டு கூட்டத்துக்கும் ஒன்று. கிருமி இருந்ததும் இல்லாததுமே முடிவை மாற்றியது.

இதை மனதில் வைத்துக்கொண்டால் வேர்ச் சிகிச்சை எதற்காக என்பது விளங்கும். எலும்பை ஆற்றுவது வைத்தியரின் கையும் இல்லை, மருந்தும் இல்லை. எலும்பை உடம்புதான் ஆற்றுகிறது. கிருமியை வெளியேற்றி, அது திரும்ப வராமல் வழியை அடைத்துக் கொடுப்பதே எங்கள் வேலை.

அந்த வேலைக்கு இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவது சுத்தம் செய்தல். எச்சில் உள்ளே போகாதபடி பல்லைச் சுற்றி ஒரு இறப்பர் திரையைப் போட்டு, நுண்ணிய அரங்களால் வாய்க்காலைத் துப்புரவாக்கி, சோடியம் ஐப்போகுளோரைட்டுக் கரைசலால் திரும்பத் திரும்பக் கழுவுகிறோம். துணி வெளுக்கும் திரவத்தில் இருக்கும் அதே இரசாயனம்தான். அளவும் பாவிக்கும் விதமும் வேறு. ஒரே நாளில் முடிக்க முடியாவிட்டால் கல்சியம் ஐதரொட்சைட்டுப் பசையை உள்ளே வைத்து அடுத்த முறை வரச் சொல்கிறோம். நம் மூத்தம்மாமார் வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பு இரசாயனப் பெயரில் இதுவேதான். 1920 இல் ஜேர்மனியில் ஹேர்மன் என்பவர் இதைப் பல் வைத்தியத்துக்குள் கொண்டுவந்தார். இதைச் சொன்னதும் யாரும் வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்துச் சூத்தைக்குள் வைத்துவிடாதீர்கள், முரசு வெந்துபோகும்.

இரண்டாவது பகுதி அடைத்தல். சுத்தமான வாய்க்காலைக் கட்டாபேர்ச்சா என்ற பொருளால் நிரப்புகிறோம். மலாய் நாட்டு மரமொன்றின் பாலிலிருந்து வருவது. 'கெத்தா' என்றால் மலாய் மொழியில் பிசின். ஒரு காலத்தில் கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கு உறையாக இருந்ததும் இதே பிசின்தான். நீர் உள்ளே கசியாது என்பதால் அங்கே பயன்பட்டது. இங்கேயும் கிட்டத்தட்ட அதே காரணம். அதனோடு ஒரு பசையையும் சேர்த்து, இடைவெளி இல்லாமல் அழுத்தி நிரப்ப வேண்டும்.

இப்போது அடைப்பின் தரத்துக்கு வருவோம். எங்கள் பக்கத்து வட்டைகளில் வேளாண்மை செய்தவர்களுக்கு இதை விளக்குவது லேசு. வரம்பு வெளியே பார்க்க நேராகவும் உயரமாகவும் இருக்கலாம். உள்ளே ஒரு நண்டு வளை இருந்தால் இரவோடிரவாகத் தண்ணீர் வடிந்துவிடும். வேரடைப்பிலும் அப்படித்தான். படத்தில் பார்க்கும்போது மூன்று விஷயங்களைக் கவனிக்கிறோம். அடைப்பு வேர்நுனி வரை போயிருக்கிறதா? நடுவில் கறுப்பு இடைவெளிகள் இல்லாமல் நெருக்கமாக இருக்கிறதா? எல்லா வாய்க்கால்களும் அடைக்கப்பட்டிருக்கின்றனவா? மூன்றாவது கேள்வி முக்கியம். மேல்தாடையின் முதலாவது கடைவாய்ப்பல்லில் மூன்று வேர்கள்தான் என்றாலும், பாதிக்கு மேற்பட்டோருக்கு நாலாவதாக ஒரு மெல்லிய வாய்க்காலும் இருக்கும். அது கண்ணுக்குத் தப்பினால் கிருமிக்கு அங்கே குடியிருப்பு கிடைத்துவிடும்.

நுனி வரை என்பதன் அளவும் சொல்ல வேண்டும். சுவீடனின் உமியோ பல்கலைக்கழகத்தில் ஸ்ஜோக்ரன் என்பவரும் துணை ஆய்வாளர்களும் 356 நோயாளிகளைச் சிகிச்சை முடிந்து 8 முதல் 10 வருஷங்கள் கழித்துத் திரும்ப அழைத்துப் பார்த்தார்கள். 1990 இல் முடிவை வெளியிட்டார்கள். சிகிச்சைக்கு முன்பே வேர்நுனியில் எலும்பு கரைந்திருந்த பற்களில், அடைப்பு நுனியிலிருந்து 2 மில்லிமீற்றருக்குள் நின்றவற்றில் 100க்கு 94 ஆறியிருந்தன. நுனியைத் தாண்டி எலும்புக்குள் தள்ளப்பட்டவற்றில் 76. நுனிக்கு 2 மில்லிமீற்றருக்கு மேல் குறைவாக நின்றுவிட்டவற்றில் 68. இரண்டு மில்லிமீற்றர் என்பது ஒரு அரிசி மணியின் அகலம். அந்த அகலத்தில் ஆறுவதும் ஆறாததும் இவ்வளவு வித்தியாசப்படுகிறது.

ஏன் அப்படி? அடைப்பு குறைவாக நின்றால், அதற்குக் கீழே சுத்தம் செய்யப்படாத வாய்க்கால் மிச்சமிருக்கிறது என்று பெரும்பாலும் பொருள். அங்கே கிருமி இருக்கிறது. எலும்பு பக்கத்தில் இருக்கிறது. நுனியைத் தாண்டிப் போனால், அரங்கள் அளவு மீறிப் போய்க் கிருமி படிந்த துகள்களையும் எலும்புக்குள் தள்ளியிருக்கலாம். வெளியே தள்ளப்பட்ட பொருளும் எலும்புக்கு அந்நியம்தான். இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. அழகான படம் சுத்தத்துக்கு முழு உத்தரவாதம் ஆகாது. கழுவாத பாத்திரத்தை நிரம்ப நிரப்பினாலும் வெளியே பார்க்க நிறைந்த பாத்திரம்தான். அதனால்தான் இறப்பர் திரையும் பொறுமையான கழுவலும் இல்லாமல் அவசரமாக முடிக்கும் சிகிச்சையை நாங்கள் விரும்புவதில்லை. "ஒரே தடவையில் முடித்துத் தாங்க" என்று கேட்பவர்களிடம், முடியுமா என்பதை அந்தப் பல்தான் சொல்ல வேண்டும் என்கிறோம்.

இதுவரை சொன்னது வைத்தியரின் கையில் இருப்பது. இனிச் சொல்லப்போவதில் பாதி உங்கள் கையில் இருக்கிறது.

வேருக்குள் அடைத்துவிட்டால் வேலை முடியவில்லை. பல்லின் மேற்பகுதியையும் நிரந்தரமாக மூட வேண்டும். அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் றே, ட்ரோப் என்ற இருவர் வேர்ச் சிகிச்சை செய்த 1010 பற்களின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்து 1995 இல் எழுதினார்கள். வேரடைப்பும் மேலடைப்பும் இரண்டும் நன்றாக இருந்தவற்றில் 100க்கு 91 பற்களில் வேர்நுனி நோயற்று இருந்தது. இரண்டும் மோசமானவற்றில் 18 மட்டும். வேரடைப்பு நன்றாக இருந்தும் மேலடைப்பு மோசமாக இருந்தவற்றில் 44. அந்த ஆய்வு மேலடைப்பையே பெரிதாகக் காட்டியது. பிற்பாடு 2011 இல் பல ஆய்வுகளைச் சேர்த்து நோக்கியவர்கள், இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு முக்கியம் என்று சொன்னார்கள். எப்படிப் பார்த்தாலும் ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் பலன் பாதிதான்.

காரணம் எளிது. மேலே மூடாமல் விட்டால் எச்சில் மெல்ல இறங்குகிறது. 1990 இல் டொராபினெஜாட் என்பவரும் துணை ஆய்வாளர்களும் நன்றாக அடைத்த வேர்களின் மேற்பக்கத்தை மூடாமல் ஆய்வுகூடத்தில் கிருமிக்கு முன் வைத்தார்கள். ஒரு வகைக் கிருமி 19 நாட்களில் பாதிக்கு மேற்பட்ட வேர்களில் அடைப்பு முழுவதையும் கடந்து நுனிக்கு வந்துவிட்டது. இன்னொன்றுக்கு 42 நாட்கள் எடுத்தன. கண்ணாடிக் குழாய்க்குள் செய்த பரிசோதனை வாய்க்கு அப்படியே பொருந்தாது என்றாலும், மாதக்கணக்கில் பொறுக்கும் விஷயம் இது இல்லை என்பது விளங்கும்.

எங்கள் ஊரில் வேர்ச் சிகிச்சை பெரும்பாலும் கெடுவது இந்த இடத்தில்தான். லீவில் வந்த தங்கச்சி மூன்று கிழமைக்குள் வேரை அடைத்துவிட்டு, தற்காலிக வெள்ளை அடைப்போடு விமானம் ஏறுகிறார். "அடுத்த லீவில் உறை போடுவோம்" என்கிறார். ஊரில் இருப்பவருக்கோ நோன்பு முடியட்டும், பெருநாள் கழியட்டும், பிள்ளையின் சோதனை முடியட்டும், தாலி செய்யக் கொடுத்த காசு திரும்பட்டும். வலி இல்லை அல்லவா? வலி இல்லாத பல் குடும்பச் செலவுப் பட்டியலில் எப்போதும் கடைசிக்குப் போய்விடுகிறது. அந்தப் பல் உம்மாவுடையது என்றால் பட்டியலிலேயே இருக்காது. தற்காலிக அடைப்பு சில கிழமைகளுக்கென்று செய்யப்பட்டது. அது தேய்ந்து, ஓரத்தில் வெடித்து, ஒருநாள் சோற்றோடு போய்விடுகிறது. அதன் பிறகு நண்டு வளை திறந்ததுதான்.

கடைவாய்ப்பல் என்றால் உறை போடும் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருக்கச் சொல்கிறோம். சூத்தையாலும் சிகிச்சையாலும் பெருமளவு குடையப்பட்ட பல் அது. பாக்கும் இறைச்சி எலும்பும் கடிக்கும் நம் வாயில் அது நடுவில் பிளக்கக்கூடியது. அமெரிக்காவின் அயோவாவில் அக்குவிலினோ, கப்லன் இருவரும் செய்து 2002 இல் வெளியிட்ட ஆய்வில், உறை போடாத வேர்ச்சிகிச்சைப் பற்கள் உறை போட்டவற்றைவிட 6 மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டன. வேர்வரை பிளந்த பல்லுக்குப் பின்னால் செய்வதற்கு ஒன்றுமில்லை, கழற்றத்தான் வேண்டும்.

அடுத்தது, ஆறியதா என்று எப்படி அறிவது? வலி இல்லாததை வைத்து அறிய முடியாது. ஆறாத வேர்நுனி வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். படம்தான் பதில் சொல்லும். ஐரோப்பிய வேர்ச் சிகிச்சைச் சங்கத்தின் 2006 வழிகாட்டியில், சிகிச்சை முடிந்து ஒரு வருஷத்தில் படம் எடுத்துப் பார்க்க வேண்டும், சந்தேகம் இருந்தால் 4 வருஷம் வரை கவனிக்க வேண்டும் என்று இருக்கிறது. ஆறும் பற்களில் பெரும்பாலானவை முதல் வருஷத்துக்குள்ளேயே அறிகுறி காட்டும். கறுப்பு வட்டம் சிறுத்திருக்கும். முழுதாக மறைய இன்னும் நாள் எடுக்கலாம். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு ஆறுதல் தாமதப்படலாம். அவர்கள் இரத்தச் சீனியைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதும் இந்தச் சிகிச்சையின் ஒரு பங்குதான்.

படங்களை உங்களிடமே வைத்திருங்கள். இன்று கட்டாரில் தொடங்கி நாளை அக்கரைப்பற்றில் முடிக்கும் வாழ்க்கை நம்முடையது. சிகிச்சைக்கு முன், முடிந்தவுடன், ஒரு வருஷத்தில் என்று மூன்று படங்கள் கைத்தொலைபேசியில் இருந்தால், அடுத்த வைத்தியர் எந்த நாட்டில் இருந்தாலும் ஒப்பிட்டுப் பார்ப்பார். "படத்தைக் காட்டுங்கள், அடைப்பு நுனிவரை வந்திருக்கிறதா?" என்று கேட்பதை மரியாதைக் குறைவாக நினைக்காதீர்கள். கேட்கும் நோயாளியை நல்ல வைத்தியர் விரும்புவார்.

இனி அந்தக் கொப்புளத்துக்கு வருவோம். ஒன்றரை வருஷம் கழித்து முரசில் கொப்புளம் வந்தால், உள்ளே கிருமி இருக்கிறது என்று பெரும்பாலும் பொருள். அதற்காக உடனே கழற்ற வேண்டியதில்லை. மேலே கசிவா, வாய்க்கால் தப்பியதா, அடைப்பு குறைவா, வேர் பிளந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். பிளவு இல்லையென்றால் பழைய அடைப்பை எடுத்து மறுபடி சுத்தம் செய்யலாம். சுவீடன் ஆய்வில் இப்படி மறுசிகிச்சை செய்த பற்களில் 100க்கு 62 ஆறின. முதல் முறையின் வாய்ப்பைவிட இது குறைவு. ஆகவேதான் முதல் முறையையே ஒழுங்காகச் செய்து, ஒழுங்காக மூடுங்கள் என்று இவ்வளவு நேரம் கதைத்தோம். சிலருக்கு வேர்நுனியைச் சிறு சத்திரசிகிச்சையால் எடுக்கலாம். இவை எல்லா இடத்திலும் செய்யக்கூடியவை அல்ல. உங்கள் பல் வைத்தியரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு விசேட வைத்தியர் இருக்கும் பெரிய வைத்தியசாலைக்கு, தேவைப்பட்டால் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கோ கொழும்புத் தேசிய பல் வைத்தியசாலைக்கோ போக நேரலாம். காத்திருக்கவும் நேரும். சில பற்களைக் கழற்றுவதே சரி என்ற முடிவும் வரலாம். படம் பார்த்து, காரணம் தெரிந்து எடுக்கும் முடிவாக அது இருக்கட்டும்.

குளிசை விஷயமும் ஒன்று. வீக்கம் வந்ததும் பாமசியில் நுண்ணுயிர்க்கொல்லிக் குளிசை வாங்கி விழுங்குவது நம் பகுதியில் வழக்கமாகிவிட்டது. செத்த பல்லுக்குள் இரத்த ஓட்டம் இல்லை. குளிசை இரத்தத்தோடு போகிறது. ஆகவே அது வீக்கத்தைத் தணிக்கலாம், கிருமியின் குடியிருப்பைத் தொடாது. ஆனால் காய்ச்சலோடு கன்னமும் கழுத்தும் வீங்கி, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமானால், விடியட்டும் என்று பார்க்காமல் இரவோடிரவாக வைத்தியசாலைக்குப் போங்கள். அது உயிருக்கு ஆபத்தான நிலை.

இலங்கையில் பல் வைத்தியக் கல்வி 1938 இல் கொழும்பில் தொடங்கிப் பின்னர் பேராதனைக்குப் போனது. அரசாங்க வைத்தியசாலையில் பல் சிகிச்சை இலவசம். அப்படியிருந்தும் நாற்பது வயதுக்கு முன்பே கடைவாய்ப்பற்களை இழந்து, ஒரு பக்கத்தால் சப்பிச் சாப்பிடும் பெண்கள் எங்கள் கிளினிக் வாங்கில் தினமும் இருக்கிறார்கள். கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்: "வலி நின்றுவிட்டது, அதுதான் வரவில்லை."

இந்த மண்டபத்தில் இருப்பவர்களும் மலரில் இதை வாசிப்பவர்களும் ஒரு வேலை செய்ய வேண்டும். உங்களில் யாருக்காவது வேர்ச் சிகிச்சை செய்து தற்காலிக அடைப்போடு நிற்கும் பல் இருந்தால், இந்த மாதமே நிரந்தரமாக மூட நாள் குறியுங்கள். செய்து ஒரு வருஷம் கடந்தும் படம் எடுக்கவில்லையென்றால் எடுங்கள். உங்களுக்கு இல்லையென்றால் உம்மாவிடமும் ராத்தாவிடமும் கேட்டுப் பாருங்கள். கேட்காமல் அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.